பணிகள் பல்வேறு நிலைகளில் உள்ளன

அறையை விட்டு வெளியே வந்தால் வலது பக்கம் திரும்ப வேண்டும். சுகாதார அமைச்சராகி மூன்று வாரமாகியும் அவருக்கு அது பழகவில்லை. கால் தானாக இடது பக்கம் போகும். அந்தப் பக்கம் எதிர்க்கட்சி உறுப்பினர்களின் அறைகள். இரண்டு தேர்தல் காலம் நடந்த நடை. பாதி தூரம் போனபின் ஒரு காவலர் விறைத்து நின்று சல்யூட் அடிப்பார். அப்போதுதான் நினைவு வரும். அமைச்சர் திரும்பி நடப்பார். காவலர் எதையும் பார்க்காதவர்போல எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை மதியம் துறைச் செயலாளர் மறுநாள் கேள்வி நேரத்துக்கான கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, அதிகம் பேசாத அம்மா. அமைச்சர் முதல் கேள்வியை வாசித்தார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் வாசித்தார்.

“ஆற்றங்கரை மருத்துவமனைக்கு மின்தூக்கி அமைக்க நிதி ஒதுக்கப்பட்டதா? ஆம் எனில், பணிகள் எந்த நிலையில் உள்ளன?”

“இது நான் எழுதினது” என்றார்.

“தெரியும் சார்.”

“நான் எழுதின கேள்விக்கு நானே எப்படிம்மா பதில் சொல்றது?”

“கேள்விய ஆளுக்குப் போடுறதில்ல சார், துறைக்குப் போடுறோம். நாற்காலியில யார் இருக்காங்களோ அவங்க சொல்லணும். இதுல உங்ககூட பல்டாக்டரும் கையெழுத்துப் போட்டிருக்கார். உங்க பேர் விழுந்துருச்சு. அவர் பேர் நிக்குது.”

அமைச்சர் தலையசைத்தார். கேள்வியை எழுதிக் கொடுத்தபோது அவரும், பல் மருத்துவராக இருந்து உறுப்பினரான பல்டாக்டரும் எதிர்க்கட்சி வரிசையில் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஆட்சி கவிழ்ந்தது. அவருடைய சின்னக் கட்சி புதிய கூட்டணிக்குள் போனது. பல்டாக்டரின் கட்சி வெளியிலேயே நின்றது. இவரைக் கூப்பிட்டு, சுகாதாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லாம் ஒரே வாரத்துக்குள் நடந்தது. அந்த வாரத்தில் இந்தக் கேள்வி அவர் நினைவிலேயே இல்லை.

அவையில் அவருக்குக் கொக்கி என்று பெயர். எழுத்தில் கொடுக்கும் கேள்வியைச் சாதுவாக வைப்பார். அன்றைய அமைச்சர் சாவதானமாகப் பதில் வாசித்து உட்காரும் நேரத்தில் எழுந்து துணைக் கேள்வி ஒன்று போடுவார். அதுதான் கொக்கி. அதை முன்கூட்டி யாரிடமும் சொல்லமாட்டார், பல்டாக்டரிடம்கூட. இந்தக் கேள்விக்கும் ஒரு கொக்கி வைத்திருந்தார்.

கோப்பில் அவர் வாசிக்க வேண்டிய பதில் இருந்தது. “ஆம். நிதி ஒதுக்கப்பட்டு, மின்தூக்கி கொள்முதல் செய்யப்பட்டுள்ளது. பணிகள் பல்வேறு நிலைகளில் உள்ளன.”

“இந்தக் கடைசி வரிய நான் எத்தனை தடவை கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கேன், தெரியுமா?”

“தெரியும் சார். அதுல பாதி நான் எழுதிக் கொடுத்தது.”

அமைச்சர் கோப்பைச் செயலாளர் பக்கம் தள்ளினார்.

“சரிம்மா. லிஃப்ட் எங்க இருக்கு?” என்று கேட்டார். அதுதான் அந்தக் கொக்கி.

செயலாளர் கோப்பைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். “உண்மையச் சொல்லவா சார்?”

“சொல்லுங்க.”

“தெரியாது.”

மதியம் முழுவதும் அமைச்சரே தொலைபேசியில் கேட்டார். கட்டடப் பிரிவுப் பொறியாளர் மரியாதையாகச் சொன்னார்: லிஃப்ட் வந்தது உண்மை, ஆனால் அதற்கென்று கட்டிய குழி ஒரு சாண் குறுகல், அதனால் கிடங்குக்கு அனுப்பிவிட்டோம். கிடங்குப் பொறுப்பாளரும் மறைக்கவில்லை: வந்தது, வெயிலில் கிடந்தது, இன்னொரு மருத்துவமனை அவசரம் என்று கேட்டது, கொடுத்துவிட்டோம். அந்த இன்னொரு மருத்துவமனையின் மேலாளர் கொஞ்சம் வாய்த்துடுக்கு.

“எங்ககிட்ட ஒரு லிஃப்ட் ஓடுது சார். எங்களுக்கும் ஒண்ணு வர வேண்டியிருந்துச்சு. ஓடுறது எங்களோடதா உங்களோடதான்னு கேட்டா நான் எப்படிச் சொல்றது? லிஃப்ட்டுக்கு முகமா இருக்கு?”

“அப்ப உங்களுக்கு வர வேண்டியது எங்க?”

“அதத்தான் நாங்களும் கேட்டு எழுதியிருக்கோம். கிடங்குல கேளுங்க சார்.”

கிடங்கில் மறுபடி கேட்டார். பொறியாளரைக் கேளுங்கள் என்றார்கள்.

அமைச்சர் தொலைபேசியை வைத்தார். இத்தனை காலம் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஒன்றை உறுதியாக நம்பியிருந்தார். பதில் உள்ளே இருக்கிறது, யாரோ அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், சரியான கொக்கியைப் போட்டால் வெளியே வரும். இப்போது அவரே உள்ளே இருக்கிறார். இங்கே பதில் இல்லை. திருடனும் இல்லை. மூன்று பேரிடம் கேட்டார், மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவன் விழுங்கியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மூன்று உண்மைகளுக்கு நடுவே ஒரு லிஃப்ட் எப்படிக் காணாமல் போகும் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அமைச்சர் பங்களாவுக்கு வெள்ளையடித்து முடியவில்லை. அதனால் அவர் இன்னும் அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். அக்கா அந்த ஆற்றங்கரை மருத்துவமனையில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். வார்டு மூன்றாவது மாடியில். அன்று மாலை அவள் கூடத்து நாற்காலியில் சாய்ந்து கால்களை நீட்டியிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“மந்திரி வந்தாச்சா? கொஞ்சம் வெந்நீர் போட்டு வாளியில கொண்டா. காலு விண்விண்ணுங்குது.”

கொண்டுவந்து வைத்தார். அவள் கால்களை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னிக்கும் ஒரு பொண்ண நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போனோம். ரெண்டாவது மாடித் திருப்பத்துல எங்களால முடியல, இறக்கி வச்சுட்டோம். அவ அந்த வலியிலயும் எங்களப் பாத்து, ‘நீங்க மூச்சு வாங்கிக்கோங்க சிஸ்டர், நான் பொறுத்துக்குறேன்’னா. எனக்கு எங்க மூஞ்சிய வச்சுக்கிறதுன்னே தெரியல.”

அவர் துண்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

“நாளைக்கு நான் வரேன். பார்வையாளர் பாஸ் ஒண்ணு எடுத்து வை.”

“எதுக்குக்கா?”

“என்ன எதுக்கு? நான் சொல்லித்தான அந்த லிஃப்ட் கேள்விய எழுதின? நாளைக்கு அவையில வருதாமே. பதில கேக்க வேணாமா?”

“பதில் சொல்லப் போறதே நான்தான்கா.”

“அப்ப நல்லதாப் போச்சு. முன்னாடி கத்திக் கத்திக் கேட்ட. இப்ப உள்ளயே இருக்க. லிஃப்ட் எப்ப வருது?”

வாளியில் நீர் அசைந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா, வாய்ல என்ன வச்சிருக்க?”

“பணிகள் பல்வேறு நிலைகள்ல இருக்குக்கா.”

அக்கா கண்ணைத் திறந்து தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வந்ததா, வேடிக்கையாக இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. “மூணாவது மாடி நிலைக்கு வந்தாச் சொல்லு” என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாடியில் அவருக்கு ஒரு விதி நினைவில் வந்து உறுத்தியது. பதில் சொல்லப்பட்ட கேள்வியை அந்த ஆண்டு முழுவதும் யாரும் மறுபடி கேட்க முடியாது. நாளை அந்த மூன்று வரியை வாசித்துவிட்டால், பல்டாக்டர் சரியான துணைக் கேள்வியைக் கேட்காவிட்டால், அக்காவின் லிஃப்ட் அதோடு முடிந்தது. சரியான துணைக் கேள்வி உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். பல்டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? அமைச்சரே தன்னைக் கேட்கச் சொல்லிக் கேள்வி எடுத்துக் கொடுப்பதா? சொல்லிவிட்டால் மட்டும் என்ன பதில் இருக்கிறது? தொலைபேசியைக் கையில் எடுத்தார், வைத்தார். எந்தப் பக்கம் யோசித்தாலும் எதிர்ப் பக்கத்தில் அவரே நின்றார்.

செவ்வாய்க்கிழமை அவை நிறைந்திருந்தது. பார்வையாளர் மாடத்தின் முன்வரிசையில் அக்கா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அதற்குக் கீழே அதிகாரிகளுக்கான அடைப்புக்குள் செயலாளர்.

அவைத் தலைவர் எண்ணைச் சொன்னார். எதிரே பல்டாக்டர் எழுந்து கேள்வியை வாசித்தார். தன் வாக்கியம் இன்னொருவர் குரலில் வந்தபோது, ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது, எடுத்திருக்கலாம் என்று அமைச்சருக்குத் தோன்றியது. பிறகு அவர் எழுந்து மூன்று வரிகளையும் வாசித்தார். எதிர்ப் பெஞ்சுகளில் யாரோ, “எந்த நிலையில்னு கேட்டா, பல நிலைங்கறார். கொக்கிக்கே கொக்கியா?” என்றார்கள். சிரிப்பு எழுந்தது. அவர் உட்கார்ந்தார்.

“துணைக் கேள்வி உண்டா?” என்றார் அவைத் தலைவர்.

பல்டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். அதற்குள் அமைச்சர் எழுந்து நின்றார்.

“அவைத் தலைவர் அவர்களே, கொள்முதல் செய்த மின்தூக்கி இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பதை அமைச்சர் தெரிவிப்பாரா?”

சொல்லி முடித்த பிறகுதான் குரல் தன்னுடையது என்று அவருக்கு உறைத்தது. இரண்டு பக்கமும் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குறிப்பெழுதும் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவைத் தலைவரைப் பார்த்தாள்.

“மாண்புமிகு அமைச்சர் யாரைக் கேட்கிறார்?” என்றார் அவைத் தலைவர் மெதுவாக.

அமைச்சருக்கே தெரியவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவும் தோன்றவில்லை.

“அமைச்சர் தன்னையே கேள்வி கேட்டுக்கொள்ள விதிகளில் இடமில்லை. அதை அவைக் குறிப்பிலிருந்து...”

“அவைத் தலைவர் அவர்களே” என்று பல்டாக்டர் எழுந்தார். கண்ணாடி கிடைத்துவிட்டிருந்தது. “அந்தக் கேள்வியை என்னுடைய துணைக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். நான் குறடு எடுப்பதற்குள் பல் தானாகவே வெளியே வந்துவிட்டது.”

இப்போது சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஊழியர் ஒருவர் செயலாளரிடமிருந்து துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் “பரிசீலனையில் உள்ளது” என்று இருந்தது. அதுவும் பொய்யில்லை. அவர் அதை இரண்டாக மடித்தார். எதிரே இரண்டு தேர்தல் காலம் உட்கார்ந்திருந்த இடம் காலியாகத் தெரிந்தது. அங்கே உட்கார்ந்து பார்த்தால் இந்த நாற்காலியில் இருப்பவர் எப்போதும் எல்லாம் தெரிந்தவர்போல இருப்பார்.

“தெரியவில்லை” என்றார். சற்று நின்று, “எனக்கும் தெரியவில்லை, என் துறைக்கும் தெரியவில்லை. லிஃப்ட் வாங்கினோம். மூன்று இடங்களில் கேட்டேன். யாரும் ஒளிக்கவில்லை. ஆனால் அது எங்கே என்று தெரியவில்லை” என்றார்.

அவர் உட்கார்ந்தார். அவைத் தலைவர் பக்கத்திலிருந்த அலுவலரிடம் குனிந்து எதையோ கேட்டார். இருவரும் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்கள். நீண்ட நேரம் ஆனது. யாரோ இருமினார்கள்.

“பதில் அளிக்கப்படவில்லை” என்றார் கடைசியில். “பதில் கிடைக்கும்வரை கேள்வி உயிரோடு இருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் கேள்வியாக வரும்.”

பல்டாக்டர் கண்ணாடியை இறக்கி, அதற்கு மேலாக அமைச்சரை வெகுநேரம் பார்த்தார்.

தாழ்வாரத்தில் லிஃப்ட் வாசலில் அக்கா நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

“வேணும்னுதான் எழுந்தியா?”

“தெரியலக்கா.”

“அந்த விதி உனக்குத் தெரியும்ல? பதில் சொல்லலன்னா கேள்வி சாகாதுன்னு?”

“தெரியும். ஆனா அப்ப ஞாபகம் இருந்துச்சான்னு தெரியல. கால் எழுந்துருச்சு.”

“மந்திரியாயி மூணு வாரம், தெரியலங்கறதத் தவிர ஒண்ணும் தெரியல உனக்கு.” அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். “எங்களுக்கு இன்னும் லிஃப்ட் வரல. அத மறந்துடாத. அவங்க சிரிச்சது பாராட்டா திட்டான்னு எனக்குப் புரியல, எனக்கு அது தேவையும் இல்ல. அடுத்த செவ்வா எனக்கு டூட்டி. நீயே கேட்டு நீயே சொல்லிக்க.”

லிஃப்ட் வந்தது. அவள் உள்ளே போய்ப் பித்தளைக் கம்பியைத் தடவிப் பார்த்தாள். “இங்க மட்டும் வழுக்கிட்டு ஓடுது” என்றாள். கதவு மூடியது.

அவர் அறைக்குத் திரும்பியபோது செயலாளர் நின்றுகொண்டே காத்திருந்தார். எப்போதும் உட்கார்ந்திருப்பவர்.

“அடுத்த செவ்வாய்க்கு என்ன எழுதுறது சார்? இந்தத் துறையில தெரியலன்னு எழுதி எனக்குப் பழக்கமில்ல.”

“எனக்கும் சொல்லிப் பழக்கமில்ல.”

“மூணு பேருக்கும் விளக்கம் கேட்டு எழுதட்டுமா?”

“எழுதினா மூணு பேரும் உண்மையத்தான் எழுதுவாங்க. நேத்தே பாத்தேனே.” அவர் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டார். “நாமளே போவோம்மா. முதல்ல குழியப் பாப்போம். நெசமாவே ஒரு சாண் குறுகலான்னு நான் அளந்து பாக்கணும். அப்புறம் கிடங்கு. அப்புறம் அந்த வாய்க்காரர் வச்சிருக்குற லிஃப்ட்.”

“இப்பவா?”

“உங்களுக்கு வேற வேலை இருக்கா?”

செயலாளர் யோசித்தார். இருக்கிறது என்றுதான் அந்த முகம் சொன்னது. ஆனாலும் கைப்பையை எடுத்துக்கொண்டார். “அளக்க டேப் வேணும் சார்” என்று இழுப்பறையைத் திறந்து தேடினார். டேப் இல்லை. ஒரு மர அடிக்கோல் இருந்தது. அதை எடுத்துப் பையில் செருகினார். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

கதவைத் திறந்து அமைச்சர் வெளியே வந்தார். வேகமாக நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை. தூரத்தில் காவலர் விறைத்து நின்று சல்யூட் அடிப்பது தெரிந்தது. அவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

கதவுக்கு வலது பக்கத்தில் செயலாளர் அடிக்கோலோடு காத்திருந்தார்.

“இந்தப் பக்கம் சார்.”