இரட்டைக் கிளட்ச்

பாய்லர்க்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சாய ஆலையில் கொதிகலனைக் கட்டி மேய்த்தே வாழ்க்கையில் பாதியைக் கழித்த மனிதர். ஓய்வு பெற்றதும் சும்மா இருந்திருக்கலாம்தான். ஆனால் சில பேருக்குச் சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. ஒரு நாள் இழுவை வண்டியின் பின்னால் ஒரு பழைய ராணுவ லாரி அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எந்த யுத்தத்திலோ ஓடி, அப்புறம் எவருடைய தோட்டத்திலோ கோழிக்கூண்டாகி, காயலான் கடைக்குப் போகும் வழியில் அவர் கண்ணில் பட்ட வண்டி. அவர் மனைவி அதை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தாள். சக்கரம் வைத்த குட்டிச்சுவர் என்று பெயர் சூட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை எழும்பியது. காலையில் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே வெளிச்சம் குச்சி குச்சியாக இறங்கும். தூசி அதில் மெதுவாக மிதக்கும். பச்சை வண்ணத்தை அவர் உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, அடியில் மணல் நிறம் வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. எந்தப் பாலைவனத்தில் வெயில் காய்ந்ததோ, எந்தக் காட்டில் ஒளிந்து நின்றதோ, வண்டி வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மத்தியானம் பானட்டைத் திறந்துவைத்து, மட்கார்டில் தலையைச் சாய்த்தபடி அப்படியே கண் அசந்துவிடுவார். எழுந்தால் கன்னத்தில் கிரீஸ் இருக்கும். அவ்வளவு நிம்மதியாக அவர் மெத்தையில்கூடத் தூங்கியதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் தையல் மெஷின். லாரிக்கு மேல்கூரைத் துணியைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். ஊசி உடையும்போதெல்லாம் லாரியையும் அதைச் செய்தவர்களையும் சேர்த்துத் திட்டினாள். ஆனால் ஒரு தையல்கூடக் கோணவில்லை.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. அவருடைய காது சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. கொதிகலன் அறையின் இரைச்சல் வட்டியும் முதலுமாகத் தன் பங்கை எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு அழைப்பு மணி, பிறகு மற்றவர்கள் பேச்சின் வால். கடைசியில் எல்லாச் சத்தமும் தண்ணீருக்குள் மூழ்கிக் கேட்பதுபோல் ஒரே முழக்கமாகிவிட்டது. சத்தம் உண்டு, அதில் ஏற்ற இறக்கம் இல்லை. கொட்டகைக்குள் அது அவருக்குக் கெட்டதாகவும் தெரியவில்லை. ஏதோ ஒரு குளத்தின் அடியில் உட்கார்ந்து, சாவகாசமாகத் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது.

வெளியே வந்தால்தான் தொல்லை. அதை யாரிடமும் சொல்ல அவருக்கு வெட்கம். யார் எதைக் கேட்டாலும் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "சரி, சரி" என்று தலையாட்டிவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நன்றாகவே மறைத்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

ஒரே பயம் கியர் பெட்டியைப் பற்றித்தான். இந்தக் காலத்து வண்டி மாதிரி அல்ல அது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். காலை எடுத்து, எஞ்சினின் குரல் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சரியான இடத்துக்கு இறங்கியதும் மறுபடி மிதித்து அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பல்லோடு பல் கடித்துக்கொள்ளும். அந்தச் சரியான இடத்தைக் காட்டக் கடிகாரமோ முள்ளோ கிடையாது, காது ஒன்றுதான் வழி. காது நன்றாக இருந்த நாளில் பின்தெருவில் ஓட்டி ஓட்டி அதைப் பழகியிருந்தார். இப்போது ஒரு பல் உடைந்தால் மாற்றுப் பல் உலகத்தில் எங்கேயும் கிடைக்காது.

பழைய வண்டிகளின் ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை. இத்தனை வருடமும் அவர் கண்ட ஒரே கனவு, அதில் இந்த லாரியைத் தன் கையால் ஓட்டிப் போவதுதான். முடியுமா என்று தெரியாது. ஆனால் அந்த இருக்கையில் வேறு ஒருவர் உட்காருவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை பனி இன்னும் விலகவில்லை. கொட்டகைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓட்டுநர் இருக்கையில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். பஸ் ஓட்டுகிறவன், நல்ல பிள்ளை. தலைவாரி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தான். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அவன் ஏதோ நீளமாகக் கேட்டதும், தான் இரண்டு முறை சரி சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. எதற்குச் சரி சொன்னோம் என்பது இப்போதுதான் விளங்கியது.

இறங்கச் சொன்னால், ஏன் அன்றைக்குச் சம்மதித்தீர்கள் என்று கேட்பான். பதில் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவர் மறுபக்கக் கதவின் கைப்பிடியைத் துணியால் துடைத்தார். அது ஏற்கனவே பளபளத்துக்கொண்டுதான் இருந்தது.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். தம்பியைப் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னாள்.

"மச்சான்தானே அக்கா ஓட்டச் சொன்னாரு?" என்றான் அவன்.

அவள் கணவருக்கு எதிரே வந்து நின்று, அவர் தன் உதட்டைப் பார்க்கும்படி நிதானமாகப் பேசினாள்.

"இவருக்குக் காது கேக்காம ரொம்ப நாளாச்சு. கேக்காததுக்கெல்லாம் தலையாட்டுவாரு. அது கணக்குல சேராது."

அவருக்கு முகம் எரிந்தது. கோபமா, அவமானமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"நான் சொல்றதுக்கெல்லாம் நீங்க சரின்னு சொல்ல ஆரம்பிச்சீங்களே, அப்பவே. காது கேக்குற மனுஷன் அப்படிச் சொல்லமாட்டான்."

மச்சினன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கிப் பின்னால் போனான். அவர் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தவர், கியர் மாற்றும் நேரம் தனக்குத் தெரியாது, பல் உடைந்துவிடும் என்று கடைசியில் சொல்லிவிட்டார். எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்ற வார்த்தை, வெளியே வரும்போது ரொம்பச் சின்னதாக இருந்தது.

அவள் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, அவருக்கு உதடு தெரியும்படி திரும்பினாள். "சுவத்துக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷமா இந்தச் சனியனத்தானே கேட்டுட்டு இருக்கேன். எப்போ கடிக்கும், எப்போ கடிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அவர் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

வண்டி பனிக்குள் இறங்கியது. முதல் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்தார். முழக்கம் மட்டும் இருந்தது. ஏறுகிறதா, இறங்குகிறதா, ஒன்றும் புரியவில்லை. கை பழக்கத்தில் முந்தப் பார்த்தது. அவர் அதைப் பிடித்து நிறுத்திக் காத்திருந்தார். முழங்காலில் விரல்கள் அழுந்தின. மிதித்துத் தள்ளினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இரண்டாம் கியர் விழுந்தது. மூன்றாவதற்கு அவள் கொஞ்சம் தாமதித்ததாகத் தோன்றியது. இருந்தாலும் அவர் அவசரப்படவில்லை. அவள் அழுத்தினாள், அதுவும் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

வீடுகள் வெளிறிய நிழல்களாகப் பின்னால் நகர்ந்தன. முன்கண்ணாடியைச் சற்றே தள்ளித் திறந்திருந்ததால் குளிர்காற்று இருவர் முகத்திலும் அடித்தது. பாலம் தாண்டி நான்காவது விழுந்தது. அதுதான் கடைசி கியர். சாலை நேராக, வெறிச்சோடிக் கிடந்தது. இனி வெகுதூரத்துக்கு மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை.

அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.