ரசமட்டத்தின் குமிழி

என் அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் குண்டூசி. ஆள் அலமாரி மாதிரி இருப்பான். பெயர் வைத்த அப்பாவைத்தான் கேட்க வேண்டும். படகுத்துறைக்கு மண்ணுக்குள் தூண் இறக்கும் வேலையை முதன்முதலாகத் தன் பெயரில் எடுத்திருந்தான். அந்தத் தூண்கள் பக்கவாட்டு இழுப்பைத் தாங்குமா என்று அளந்து சொல்ல வேண்டியவள் நான். ஊரில் இந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. தாங்காது என்றால் வேலை அவன் கையை விட்டுப் போய்விடும்.

களிமண் ஒரு சோம்பேறி, யோசித்துத்தான் நகரும். நேற்று ஒற்றைத் தூணை இழுத்தபோது, தூண் நகர்வதைக் காட்டும் அளவுமானியின் முள் அரைச் சுற்று போனது. இன்று நெருக்கமாக நின்ற மூன்றை ஒன்றாகக் கட்டி, ஒவ்வொரு தூணுக்கும் அதே பாரம் வருமாறு ஆற்றுப் பக்கம் இழுத்தோம். முன்னால் நிற்பது மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும். பின்னால் நிற்பதற்குச் சாய்ந்துகொள்ள இளகிய மண்தான் மிச்சம். ஆகவே கூட்டம் கூடுதலாக நகர வேண்டும். முள்ளோ அசையவே இல்லை.

"பாத்தியா? மூணும் சேந்து நிக்குது. ஒத்துமையே பலம்" என்றான் அண்ணன்.

"களிமண்ணுக்கு அந்தப் பழமொழி தெரியாது."

ஆனாலும் எனக்குச் சந்தோஷம். அவன் ஜெயிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

தார்ப்பாய் நிழலில் எனக்கு நாற்காலி போட்டிருந்தான். தார்ப்பாயின் அடியில் ஆற்றின் வெளிச்சம் நெளிந்தது. கண் செருகியது. நான் களிமண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு பெரிய முதுகு. அது மெல்ல ஆற்றை நோக்கிப் போனது, மண்ணும் போனது, நானும் போனேன். யாரும் நகர்ந்ததாகவே தெரியவில்லை. சுகமாக இருந்தது.

விழித்தபோது முள் அதே இடத்தில் இருந்தது. அளவுமானியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேல், சாய்வைக் காட்ட ரசமட்டம் வைத்திருந்தேன். காலையில் நடுவில் நின்ற அதன் குமிழி இப்போது ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

குனிந்து சட்டத்தின் கால்களைப் பார்த்தேன். இரண்டையும் தூரத்தில், அசையாத மண்ணில் ஊன்றச் சொல்லியிருந்தேன். ஒரு கால் தூண்களை ஒட்டி நின்றது. தூணோடு மண் நகர, மண்ணோடு சட்டமும் நகர்ந்திருக்கிறது. முள் எப்படி அசையும்?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எவன் இந்தக் காலை இங்க நட்டது?"

"நான்தான்" என்றான் அண்ணன். "நாள் பூரா வெயில்ல கெடப்பியேன்னு தார்ப்பாய்க்குக் கம்பு நட்டேன். கால் வழியில நின்னுச்சு. கொஞ்சம் உள்ள தள்ளினேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை.

"இந்த அளவு செல்லாதுண்ணா."

"மறுபடி இழுத்தா?"

"தாங்காதுன்னு தோணுது."

அவன் ஆற்றைப் பார்த்தான். இந்தத் துறையில்தான் அம்மா தினமும் படகேறப் போகிறாள்.

"சட்டத்தக் கழட்டுங்கப்பா" என்றான் ஆட்களிடம்.

நிழலே இல்லாத பக்கத்தில் வேறு மூன்று தூண்களைக் கட்டினோம். சட்டத்தின் கால்களைத் தள்ளி, தூரத்தில் அவனே ஊன்றினான். இழுத்ததும் முள் அரைச் சுற்றைத் தாண்டியது, ஒரு சுற்றைத் தாண்டியது, நிற்கவில்லை. எனக்கு எழுதக் கை வரவில்லை. வெயிலில் தாள் கண்ணைக் கூச வைத்தது.

திடீரென்று தாளில் நிழல் விழுந்தது. அண்ணன் என் தலைக்கு மேல் குடை பிடித்து நின்றான். அவன் மேல் முழு வெயில்.

"எழுது" என்றான். "உள்ளத உள்ளபடி எழுது."