ஜன்னலோர நாற்காலி

எட்டு மாதம் கழித்து அழகு நிலையத்துக்குள் நுழைந்தபோது, என் ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால் வேறொருத்தியின் கத்தரிகள் வரிசையாக இருந்தன. எனக்குப் பிள்ளை பிறந்தபோது எனக்குப் பதிலாக வந்த பெண்ணுடையவை. இன்றைக்கு ஒரு ஆளுக்கு வெட்டு, பார்த்துவிட்டு நாற்காலியைப் பற்றிப் பேசலாம் என்று பட்டும் படாமலும் சொன்னார் முதலாளி அக்கா. ஆறு வருடம் அங்கே குப்பை கொட்டியவள் நான். சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் தையல் வெளியே தெரிய, சட்டையை உட்புறம் வெளிப்புறமாக மாட்டிக்கொண்டு வந்திருப்பவளின் ரோஷம் எங்கே எடுபடும்? யாரும் கவனிக்கவில்லை என்று நம்பி வாயை மூடிக்கொண்டேன்.

வாய்த்த ஆள் என் பழைய வாடிக்கையாளர், வங்கி மேனேஜர் அம்மா. ஒரு இழை ஏறி இறங்கியிருந்தாலும் திரும்ப வெட்டச் சொல்பவர். எப்போதும் கழுத்தோடு நிற்கும் முடி இப்போது தோளைத் தொட்டது. புது ஸ்டைல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் தொழில் ஞானம் அவ்வளவுதான்.

தலை அலச அவரைத் தொட்டியில் சாய்த்தேன். தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்தேன். வலது உள்ளங்கை தானாகவே பிடரிக்கு அடியில் போய் நின்றது. வாய் எதையோ முனகியது. இடது கை தோளைத் தட்டவும் ஆரம்பித்திருந்தது. மேனேஜர் அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார்.

எழுப்பியிருக்க வேண்டும். தூங்குகிற தலையை எழுப்பும் துணிச்சல் எட்டு மாதமாக எனக்கில்லை. பிடித்த கையை எடுக்காமல், கண்ணாலேயே மிரட்டி எல்லா ட்ரையர்களையும் நிறுத்த வைத்தேன். மூன்று பேர் ஈரத்தலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

இருபது நிமிடம் கழித்து அவர் கண் விழித்தபோது என் வலது கை மரத்துப்போயிருந்தது. கத்தரியை எடுத்தேன், தரையில் விழுந்தது. அக்கா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். நாற்காலி கைவிட்டுப் போகிறது என்று புரிந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, அஞ்சு நிமிஷம் குடுங்க. கை சரியாயிடும்," என்றேன்.

அக்கா பதில் சொல்வதற்குள் மேனேஜர் அம்மா எழுந்துபோய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். ஈர முடியைக் கையில் தூக்கிக் காட்டினார்.

"எட்டு மாசமா யாரையும் இதுல கை வைக்க விடல. அஞ்சு நிமிஷம் இருக்க மாட்டேனா?"

அக்கா அந்தப் பெண்ணின் கத்தரிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த மேஜையில் வைத்தார். பிறகு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"அதுக்குள்ள போய் சட்டையத் திருப்பிப் போட்டுட்டு வா."