நாற்பத்தொரு பிள்ளைகளின் பாதுகாவலர்

1

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவரையே போய்க் கேட்கலாம் என்று தோன்றுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் காய்ச்சலில் கிடக்கிறானா பிழைத்தானா என்று போன் அடித்துக் கேட்கிறார்கள். போன் அடிக்கிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. அப்போதும் எழுந்து போய் எட்டிப் பார்ப்பதில்லை. எடுக்கவில்லையே என்று அலுத்துக்கொண்டு திரும்பவும் அடிக்கிறார்கள்.

இந்தக் கதையும் அப்படிப்பட்ட ஆட்களால் வந்ததுதான். நானாக எழுதத் தொடங்கவில்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணினிக்குப் பொறுப்பாக இருக்கும் லெட்சுமணன் சார் போன மாதம் இரண்டு வெள்ளைத் தாளோடு என்னிடம் வந்தார். வலைவாசல் திட்டத்தை நடத்துகிறவர்கள் கொழும்பில் ஒரு புத்தகம் அடிக்கப்போகிறார்களாம். வலைவாசலால் பெற்றோருக்கு வந்த நன்மையைப் பற்றி, தோட்டத்துக்கு ஒருவர், 'வெற்றிக் கதை' எழுத வேண்டுமாம்.

"ரெண்டே பக்கம் பெரியவரே. இங்க தெனம் பேப்பர் படிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"நான் மூணாம் வகுப்பு சார்."

"அதுதான் வேணும். ரொம்பப் படிச்சவன் எழுதினா நம்ப மாட்டாங்க."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வலைவாசல் என்பது கணினிக்குள் இருக்கிற ஒரு கதவு. பிள்ளை வந்ததா, எத்தனை புள்ளி எடுத்தது என்று ஆசிரியர் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுவார். பெற்றோர் இந்தப் பக்கத்திலிருந்து ரகசியச் சொல்லைப் போட்டுத் திறந்து, படித்து, பதில் எழுத வேண்டும். பிள்ளைக்கு வீட்டுப்பாடமும் அதற்குள்ளேயே வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு கணினி கொடுத்தார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒன்றிலும் கணினி இல்லை. கதவு இருந்தது, இந்தப் பக்கம் நிற்க இடம் இல்லை.*

* இந்த வரியைப் புத்தகத்தில் போட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதும்போது சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மலைகள் சூழ்ந்த மாத்தளை மாவட்டத்தில் மிளகு மணம் கமழும் ஒரு

(அடித்தாயிற்று. மிளகு காயப்போடும் களத்தில் முப்பது வருஷம் காவல் இருந்தவன் நான். அது கமழாது. தும்மல்தான் வரும்.)

அறிவொளி பரப்பும் வலைவாசலின் ஊடாக எமது சமூகமானது

(இது மாதிரிக்கு என்று லெட்சுமணன் சார் எழுதித் தந்தது. இதற்கடுத்த சொல் அவருக்கும் வரவில்லை.)

ஸக்கரியா நானாவைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு

(இதுதான் சரியான தொடக்கம். ஆனால் வெற்றிக் கதைக்கு உதவாது. ஓரமாக வைத்துக்கொள்கிறேன்.)

3

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன். நடந்தது 2008ஆம் ஆண்டு தை மாதம், பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் வாரம். பெற்றோரை வலைவாசலில் பதிகிறோம் என்று கூப்பிட்டார்கள். வரிசையில் முதல் ஆளாக அழகமுத்து என்ற கிழவன் நின்றான். மகள் இலட்சுமி குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். அவள் பிள்ளையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். எதையும் நம்பாத ஆள். தன் சம்பளச் சீட்டையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவன்.

"ஐசி நம்பரச் சொல்லுங்க, அடையாள அட்டை நம்பர்" என்றார் லெட்சுமணன் சார்.

"எதுக்கு சார்?"

"கம்ப்யூட்டர் கேக்குது."

"அது கேட்டா நான் சொல்லணுமா? அது எனக்கு என்ன மொறை?"

சார் பொறுமையானவர். நம்பர் போடாவிட்டால் அடுத்த பெட்டிக்கு நகராது என்று காட்டினார். அழகமுத்து எட்டிப் பார்த்தான். பெயர், நம்பர், விலாசம், போன் என்று வரிசையாகப் பெட்டிகள். அவனுக்கு எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் நினைவு வந்தது. அன்றைக்கும் ஒருத்தன் கையில் தாள் இருந்தது. அதிலும் இப்படித்தான் வரிசையாக இருந்தது. தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் தமிழர் வீடுகளைக் கொளுத்தப் போனார்கள்.

லயத்துக்கு விலாசம் கிடையாது. எங்களுக்கு வரும் கடுதாசியெல்லாம் 'ஸக்கரியா கடையில் கொடுக்கவும்' என்று எழுதித்தான் வரும். ஸக்கரியா நானா சந்தியில் கடை வைத்திருப்பவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ஒரு பக்கம் பலசரக்கு, மறுபக்கம் போன், போட்டோகொப்பி, ஒரு கணினி. கடுதாசிகளைச் சர்க்கரை மூட்டைக்கு மேலே கயிற்றில் கோர்த்து வைத்திருப்பார். வாங்க வருகிறவனுக்கு, கேட்டால் வாசித்தும் சொல்வார். முப்பது வருஷமாக எங்கள் விலாசம் அவர்தான்.

அதனால் அழகமுத்து, "ஸக்கரியா நானா வெலாசம், நானா போன் நம்பரப் போடுங்க" என்றான். ஐசி நம்பரும் வேண்டும் என்றதும் சார் கடைக்குப் போன் செய்தார். நானா தன் நம்பரை உடனே சொன்னார். "போடுங்க சேர், நம்மட ஆள்தானே" என்று சத்தமாகச் சிரித்தது வெளியே கேட்டது.

ஒருவனுக்காகத்தான் கொடுத்தார். அழகமுத்து என்ன செய்தான் தெரியுமா? வரிசையைப் பார்த்துத் திரும்பினான்.

"யாரும் சொந்த நம்பரக் குடுக்காதீங்க. எல்லாரும் நானா நம்பரையே போடச் சொல்லுங்க. நம்ம பேரு எந்தப் பட்டியலுக்கும் போக வேண்டியதில்ல."

பின்னால் நின்ற ராசம்மா, "நமக்கென்ன, கடுதாசியும் அங்கதானே வருது" என்றாள். அவ்வளவுதான். "அதையே போடுங்க சார்." "எனக்கும் அதே." சாருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகள். பாதுகாவலர் பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்று.

4

இரண்டு வாரம் நல்ல வேடிக்கை. நானா தன் கணினியைத் திறந்தால், 'வணக்கம் ஸக்கரியா, உங்கள் 41 பிள்ளைகளின் விபரம்' என்று வருமாம். அவர் மனைவி ஹமீமா கடைக்குள்ளிருந்தே கேட்டாள்:

"எனக்குத் தெரியாம எத்தன குடும்பம் வச்சீக்கிறீங்க?"

"அல்லா, ஒண்டையே தாங்க ஏலாம ஈக்கி." ஒன்றையே தாங்க முடியாமல் இருக்கிறதாம்.

தினமும் எங்களுக்குச் செய்தி வந்தது. 'உங்கள் பிள்ளை இன்று பாடசாலைக்குச் சமூகமளிக்கவில்லை.' அதைப் பார்க்க ராசம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு, மூன்று மைல் இறங்கி, வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தாள். வராதது செவ்வாய்க்கிழமை. வராமல் வீட்டிலிருந்து சோறு வடித்துத் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதே ராசம்மாதான். தான் சொன்னதைத் தானே தெரிந்துகொண்டு மலையேறினாள். இத்தனைக்கும் லெட்சுமணன் சார் குடியிருப்பது அவள் வீட்டிலிருந்து எட்டாவது வீட்டில். முன்பெல்லாம் வாசலில் நின்று "ராசம்மாக்கா, புள்ள எங்க?" என்று கத்துவார். வலைவாசல் வந்த பிறகு கத்துவதை நிறுத்திவிட்டார். அது முறையில்லையாம்.

(இந்த இடத்தில் நன்மை ஏதாவது சொல்ல வேண்டும். யோசிக்கிறேன்.

யோசித்தேன்.)

5

யுத்த காலம் அது. அந்த மாசியில் தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் சோதனை. ஒரு காலையில் சந்திக்கடைகளுக்கும் வந்தார்கள். நானாவின் கணினி திறந்திருந்தது. ஒரு பொலிஸ்காரன் திரையைப் பார்த்து, "மே ளமயி காகெத?" என்றான் சிங்களத்தில். இந்தப் பிள்ளைகள் யாருடையவர்கள் என்று கேட்டிருக்கிறான். நாற்பத்தொரு தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே பாதுகாவலர், ஒரே போன், ஒரே விலாசம். மேலே கயிற்றில் வேறு வேறு பெயருக்கு வந்த கடுதாசிகள். நானா வாயைத் திறந்து விளக்கம் சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகக் கேட்டிருக்கும். அவரையும் கணினியையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

மறுநாள் ஹமீமா லயத்துக்கு ஏறி வந்தாள். முப்பது வருஷத்தில் அவள் எங்கள் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்க, அழகமுத்துவின் வாசலில்

இல்லை. என் வாசலில்.

அழகமுத்து என்று யாரும் இல்லை. வெற்றிக் கதையில் என் பெயர் வரக்கூடாது என்று அவனை முன்னால் நிறுத்தினேன். என் நம்பருக்குப் பதில் நானா நம்பரை நிறுத்தியது மாதிரியே. வரிசையில் முதலில் நின்றது நான். திரும்பிச் சொன்னதும் நான். பெயர் பொன்னையா. இதற்கு மேல் விபரம் கேட்காதீர்கள்.

"அண்ணன்," என்றாள் ஹமீமா. "ஒவ்வொரு புள்ளட ஆளும் வந்து, ஐசியக் காட்டி, இது என்ட புள்ள எண்டு சைன் வச்சா விட்டுடுவாங்களாம். லெட்சுமணன் சேரும் வாராராம். நாப்பத்தொரு பேரும் வரோணுமாம்."

நான் சாக்கை விரித்து உட்காரச் சொன்னேன்.

"அவர் ஒங்களுக்காகத்தானே நம்பரக் குடுத்த."

"தெரியும்மா."

"நீங்க சொன்னா எல்லாரும் வருவாங்க. வேணாம் எண்டு சொன்னதும் நீங்கதானே."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். கடையில் சீனி இல்லை என்று சொல்வது போல் சொன்னாள். நான் ஒவ்வொரு வாசலாகப் போய், ஐசியை எடுத்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று சொன்னேன். ராசம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்கன்னும் இப்பவே சொல்லிட்டா ஒரேயடியா நடந்துருவோம்."

6

முடிவுகள்.

ஒன்று: நாற்பத்தொரு பேரும் வரிசையாகப் பொலிசுக்குள் போனார்கள். முன்னால் பொன்னையா நடந்தான். நானா வெளியே வந்து எல்லாரையும் கட்டிப்பிடித்தார். (புத்தகத்துக்கு இது போதும். படமும் போடலாம்.)

இரண்டு: பொன்னையாவுக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி. (நம்பலாம். ஆனால் யாரும் மதிக்க மாட்டார்கள்.)

மூன்று: நடந்தது.

நான் எல்லாரோடும்தான் போனேன். ஐசி சட்டைப் பையில் இருந்தது. வாசலில் ஒரு பொலிஸ்காரன் பெரிய புத்தகத்தை விரித்து, வருகிறவர்களின் பெயரையும் நம்பரையும் எழுதிக்கொண்டிருந்தான். கோடு போட்ட பக்கம். வரிசை வரிசையாக. என் கால் அந்த வாசலுக்குப் போகவில்லை; எதிரே இருந்த தேநீர்க்கடைக்குப் போனது. பிளேன்டீ ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக உள்ளே போய் வெளியே வந்தார்கள். நாற்பது பேர். ராசம்மா கடைசியாக வந்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

உள்ளே நடந்ததை லெட்சுமணன் சார் பிறகு சொன்னார். ஒரு பெயர் மிச்சம் இருந்ததாம், என் பேத்தியின் பெயர். இது யாருடைய பிள்ளை, ஏன் யாரும் வரவில்லை என்று அதிகாரி பேனாவால் தட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். சார் ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறார். நானா முந்திக்கொண்டாராம்.

"மகே."

என்னுடையது. அப்படிச் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வெளியே வந்தவர் ரோட்டைக் கடந்து நேரே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். மூன்று நாள் தாடி. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க பொன்னையாண்ணே" என்றார்.

குடித்தேன். அதற்கு மேல் இந்தப் பத்தியில் எழுத எனக்கு வரவில்லை.*

* ஆனால் ஒன்று சொல்வேன். நாற்பது பேரின் நம்பரும் அன்றைக்கு ஒரே புத்தகத்தில் ஏறிவிட்டது. அந்தப் புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள், நான் பயந்தாங்கொள்ளி என்று எழுதித் தருகிறேன்.

7

இதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு, போன சனிக்கிழமை நானாவின் கடைக்குப் போனேன். லெட்சுமணன் சார் அங்கே கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கணினி திரும்பி வந்துவிட்டது. கடுதாசிகள் பழையபடி கயிற்றில் தொங்கின. நாற்பது பெற்றோரும் இப்போது சொந்த நம்பரில் இருக்கிறார்கள் என்று சார் பெருமையாகச் சொன்னார். நானாவின் பெயரில் ஒரு பிள்ளைதான் மிச்சம்.

"அதையும் மாத்திருவோம் பெரியவரே. ஒங்க பேத்தி புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணி டவுன் பள்ளிக்கூடம் போனா இதத்தான் பாப்பாங்க. தாத்தா இருக்கும்போது வேற ஆள் பேரு எதுக்கு? இந்தா, இந்தப் பெட்டி. ஒரு நிமிஷம்."

திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு சின்னக் கோடு வந்து வந்து போனது. நானா பருப்பு நிறுத்துக்கொண்டே திரும்பாமல் சொன்னார்:

"போட்டுடுங்கண்ணே. இல்லாட்டி ஈக்கட்டும். எனக்கு ஒண்டும் பாரமில்ல."

என் நம்பரைப் போடுவதா, அப்படியே இருக்கட்டும் என்று விடுவதா, இரண்டில் எது அவருக்கு வேண்டும் என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சட்டைப் பையில் கையை விட்டேன். அட்டையின் விளிம்பு விரலில் பட்டது. பெட்டியைப் பார்த்தேன். அந்தக் கோடு எனக்காகக் காத்திருப்பது போல் பாவனை செய்துகொண்டிருந்தது. அதற்கு என்னைத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசரப்படுகிறது, அவ்வளவுதான்.

"கதை எங்க பெரியவரே? முடிவு எழுதிட்டீங்களா?" என்றார் சார்.

தாள்களை மேசையில் வைத்தேன். அட்டையை வெளியே எடுத்தேனா, அப்படியே பைக்குள் விட்டேனா என்று அதில் இல்லை, இதிலும் இல்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் வலைவாசலைத் திறந்து, என் பேத்தியின் பாதுகாவலர் யார் என்று பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் நம்பரைக் கேட்கும். கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

நான் கடையை விட்டு இறங்கி மலைப்பக்கம் நடந்தேன். பின்னால் சார் கூப்பிடுவது கேட்டது. வேண்டுமென்றால் நடந்து வந்து சொல்லட்டும்.