பதினொரு ‘பாத்துக்கலாங்க’

பெருந்துறையில் ஒரு சாய ஆலையின் நிலைத்தன்மை அறிக்கையை எழுதுகிறவள் நான், சமீரா. தண்ணீர், புகை, தொழிலாளர் நலம் என்று எல்லாவற்றையும் ஆண்டுக்கொரு முறை எழுதி, துணி வாங்கும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அதை யாரும் படிப்பதில்லை என்று உறுதியாக நம்பி, போன வருடம் பச்சைப் பசேலென்று படங்களைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

படித்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் பீளமேடு அலுவலகத்திலிருந்து கீதா போன் செய்தார். “போன வருசம் பதினொரு டார்கெட் போட்டிருந்தீங்க. ஒவ்வொண்ணும் என்னாச்சுன்னு இந்தத் தடவை எழுதுங்க. படிக்கறவங்க மொதல்ல அதைத்தான் தேடுவாங்க. அதைப் பாத்துத்தான் ஆர்டர் தொடருமுங்க.”

போன வருட அறிக்கையைத் தேடி எடுத்தேன். மழைநீர்த் தொட்டி கட்டலாமா, கூரையில் சோலார் வைக்கலாமா என்று நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் முதலாளி ஆறுச்சாமி, “பாத்துக்கலாங்க அம்மணி” என்றுதான் சொன்னார். எங்கள் பக்கம் அதற்கு முடியாது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. தெரிந்தும், பக்கத்தை நிரப்புவதற்காக அத்தனையையும் இலக்கு என்று எழுதித் தொலைத்தேன்.

அவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். “நான் வேண்டான்னதையெல்லாம் ஒண்ணு விடாம எழுதிப்போட்டீங்களே. இப்ப என்னங்க பண்றது?”

“நடந்ததை எழுதிரலாங்க. மொதல்ல வேண்டான்னாலும் பொறவு தொழிலாளிங்களுக்கு ஓய்வறை கட்டிட்டோம், நீராவிக் குழாய் ஒழுகலை அடைச்சுட்டோம். மீதி ஒம்பதும் செய்யலை. ஏன் செய்யலைன்னும் எழுதிரலாம்.”

பட்டியலை என்னிடமே திருப்பி நீட்டினார். “செரி, எழுதுங்க” என்றார். முதல் பக்கத்திலேயே எழுதினேன்.

அறிக்கையை அனுப்பிய பத்தாம் நாள் கீதா நேரிலேயே ஆறுச்சாமியின் அறைக்கு வந்தார். “முப்பது அறிக்கை படிச்சேனுங்க. செய்யலைன்னு எழுதியிருந்தது இது ஒண்ணுதான். அதனாலதான் செஞ்ச ரெண்டையும் நம்பறோம். ஆர்டர் தொடருதுங்க.”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

“அந்த மழைநீர்த் தொட்டி எப்பங்க முடியும்?” என்று கீதா கேட்டார்.

“பாத்து...” என்று ஆரம்பித்த ஆறுச்சாமி, நான் பேனாவை எடுப்பதைக் கண்டு சட்டென்று நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

“தை பொறக்கறதுக்குள்ள கட்டிப்போடறனுங்க. இதை எழுதிக்குங்க அம்மணி.”