வெள்ளைப் பெட்டிக்கு மேற்கே

இறங்கியிருக்கிறதாம், பத்து வருசத்தில் ஒன்றரை டிகிரி இறங்கியிருக்கிறதாம், அதுவும் இந்தத் திண்டுக்கல் வெயில்... சகாயராணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம்தான், அடக் கர்த்தரே, அந்த மனுசன் கையில் வைத்து ஆட்டுகிற தாள் நாம் எழுதியதாச்சே என்று நாற்காலி நுனிக்கு வந்தாள். கல்லூரி மண்டபத்தில் பட்டிமன்றம், பூமி சூடாவதற்குக் காரணம் மனிதனா இயற்கையா என்று தலைப்பு. போன மாதம்தான், 2007 பிறந்து ரெண்டாம் மாதம், உலகத்து விஞ்ஞானிகள் கூடி மனுசன் விடுகிற புகைதான் காரணம், கிட்டத்தட்ட நிச்சயம் என்று அறிக்கை விட்டிருந்தார்கள். இயற்கைக் கட்சிக்குப் பேசுகிறவர் ஓய்வுபெற்ற வாத்தியார் அழகர். எங்கேயோ பனிமலை உருகுதுங்கிறாக, நம்மூர்ல உருகுறது சேமியா ஐஸ் மட்டுந்தான் என்கிறார், கூட்டம் கொல்லென்கிறது. வெளிநாட்டுக்காரன் கணக்கு நமக்கு எதுக்குய்யா, அகரம் பக்கத்து விதைப்பண்ணையில தினம் அளந்து எழுதின ஏடு இருக்கு, அதுல வெயில் குறைஞ்சிருக்கு, இதுக்கு என்ன பதில் வச்சிருக்கு இந்தப் புள்ள என்று எதிரே உட்கார்ந்திருக்கிற அறிவுச்செல்வியைக் காட்டுகிறார். கல்லூரியில் பாடம் நடத்துகிற பெண், பாவம், முகம் சுண்டிப்போய்த் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் கண்ணம்மாள், அதே பண்ணையில் களையெடுக்கிறவள், முழங்கையால் இடித்தாள். "ஏத்தா, அப்ப நாம வடிச்ச வேர்வை அம்புட்டும் பொய்யா?"

பொய் எழுதவில்லையே, ஒரு நாள் கூடப் பொய் எழுதவில்லையே... தினமும் மத்தியானம் ரெண்டேகாலுக்குப் போய், நாலு காலில் நிற்கிற அந்த வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து, உள்ளே வெப்பமானியில் பாதரசம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைத்தானே எழுதினாள், காய்ச்சலோடு போய்க்கூட எழுதினாள். பெட்டியின் மேல் நிழல் விழுந்தால் அவள் என்ன செய்வாள்? என்ன செய்வாளா, வெட்டச் சொல்லியிருக்கலாம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை... பெட்டிக்கு மேற்கே அந்த வேம்பை வைத்தவர் பொன்னுத்துரை சார். தொண்ணூற்று மூன்றில் அவளுக்கு அளக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். குனிஞ்சு பாரு சகாயம், கண்ணு பாதரசத்துக்கு நேரா இருக்கணும், மூச்சை அடக்கு, ஒன் மூச்சுச் சூடே முள்ளை ஏத்திரும்... முள் இல்லை சார், பாதரசம் என்றாள் ஒருதரம், அவர் சிரித்தார், அந்தச் சிரிப்பு, மேல் பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும். ரெண்டு வருசம் பக்கத்துப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை, விரல் கூடப் பட்டதில்லை. அவர் வீட்டில் அய்யனாருக்குக் கிடா வெட்டுகிறவர்கள், இவள் வீட்டில் வியாகுல மாதாவுக்கு மெழுகுவர்த்தி, யார் போய் யாரிடம் என்னவென்று கேட்பது... தொண்ணூற்றைந்தில் மாற்றலாகிப் போனார், ரெண்டு கடிதம் வந்தது, ரெண்டிலும் மரத்துக்குத் தண்ணி ஊத்துறியா என்று மட்டும் இருந்தது. ஊற்றினாள். அவர் ஊரெல்லாம் சுற்றி, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, எங்கேயோ இருக்கிறார், இவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். மரம் பெட்டிக்கு மேலே எழும்பி, மத்தியான வெயிலை மறைத்து, பழுப்பிலையைப் பெட்டியின் தலையில் உதிர்த்தபோது தெரியாமலா இருந்தது அவளுக்கு, நாற்பது காட்ட வேண்டிய நாளில் முப்பத்தெட்டரையில் நிற்கிறதே என்று? மேலதிகாரி ஒருத்தர் வந்து இது எதுக்கும்மா இங்கே என்று கேட்டபோது, காத்துக்கு சார், என்றாள். கல்யாணம் வேண்டாமென்று அம்மாவிடம் சொன்னதும் அதே வாயால்தான்.

கேள்வி எழுதித் தரலாம், நடுவர் படிப்பார் என்று துண்டுத்தாளோடு ஒருத்தி வரிசை வரிசையாக வந்தாள். எழுதினால் நாளைக்கே கோடாலி வரும். எழுதாவிட்டால்... அழகர் சார் இதை இங்கேயோடு விடுவாரா, எந்த மேடை ஏறினாலும் விதைப்பண்ணை ஏடு, விதைப்பண்ணை ஏடு என்பார். வெளியே இந்த வருசம் மாசியிலேயே கிணறு தரை தட்டிக் கிடக்கிறது, கன்னிவாடிப் பக்கம் தென்னை குருத்தோடு சாய்கிறது, இவள் கையெழுத்து மட்டும் குளுகுளு என்று சொல்லிக்கொண்டிருக்கும். எழுதினாள். பெட்டிமேல் மர நிழல் விழுகிறது, ஏடு எழுதுவது நான்தான், சகாயராணி. தாள் கை மாறி, கை மாறி மேடைக்குப் போகப் போக, ஓடிப் போய்ப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

நடுவர் படித்தார். அறிவுச்செல்வி எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்தது. ஐயா, பெட்டிக்குப் பக்கத்துல மரம் மட்டை, சுவரு எதுவும் இருக்கக் கூடாதுங்கிறதுதான் மொதப் பாடம், பயிற்சியில மொத நாளே சொல்லிருவாங்க, நிழலை அளந்துட்டு வெயில்னு சொல்லாதீங்க, மரத்தை எடுத்துட்டு அளக்கச் சொல்லுங்க... கைதட்டல். அழகர் விடவில்லை, சரித்தா, எவனோ வெவரங்கெட்ட பய வச்சுட்டான்னு வச்சுக்குவோம், என்று அதையும் சிரிப்பாக்கினார். கண்ணம்மாளும் சிரித்தாள். வெவரங்கெட்ட பயலா, அவரா... புல் ஒரு விரற்கடை கூடுதலாக வளர்ந்தால் அளவு கெட்டுப்போகும் என்று உட்கார்ந்து வெட்டுவாரே, பெட்டிமேல் தூக்குவாளியை வைத்ததற்கு ஒரு நாள் பூராவும் பேசாமல் இருந்தாரே, அவருக்கா மொதப் பாடம் தெரியாது? தொண்ணூற்று நாலு சித்திரையில், அளந்துகொண்டிருக்கும்போது வெயில் தாங்காமல் இவளுக்குக் கண் இருட்டி, பெட்டிக் காலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள், அதற்கு மறுவாரம் அல்லவா கடப்பாரையோடு வந்து வேம்புக்குக் குழி தோண்டினார்... தெரியாமல் வைத்துவிட்டார் என்றுதானே இத்தனை வருசமும் அவருக்காக மறைத்தாள். தெரியாமல் இல்லையென்றால், பெட்டிக்காகவும் இல்லையென்றால், ரெண்டேகால் மணி வெயிலில் தினமும் அந்த இடத்தில் வேறு யார் நின்றது?