மாதிரி முகம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வந்து உட்கார்ந்ததும் என் மனைவி தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அது அவள் வேலை. கழுவிய கண்ணாடிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து சோதனை அறை வாசலில் விடுவது என் வேலை. விட்டதும் திரும்பிவிட வேண்டும். நான் சக்கரத்தில் ஏதோ சிக்கிக்கொண்டது போலக் குனிந்தேன், நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் செய்வது பார்வைக்கு வெறும் கண்ணாடி. மின்சாரம் கொடுத்தால் அதில் எழுத்தும் படமும் ஓடும். பின்னால் இருப்பதும் தெரியும். கடையிலும் டிக்கெட் கவுண்டரிலும் ஆளுக்கு முன்னால் நிறுத்துவார்கள். சொல்வதற்கு எளிது. உள்ளே ஓடும் மெல்லிய கம்பிகளும் புள்ளிகளும் வெளிச்சத்தில் பாதியை விழுங்கிவிடும். அடியிலிருக்கும் படலம் மீதிக்கு மஞ்சள் பூசிவிடும். அந்தப் பக்கம் இருக்கிற ஆள் நாள்பட்ட நோயாளி போல இருப்பான். எவ்வளவு வெளிச்சம் வருகிறது, எந்த நிறம் கூடுதல் என்பதை மிஷின் எண்ணில் சொல்லிவிடும். "ஆனா அது மனுஷ மூஞ்சி மாதிரி இருக்கா இல்லையான்னு மிஷினுக்குத் தெரியாது," என்றார் இன்ஜினியர் மேடம். அதற்காக ஒரு முகம் தேவைப்பட்டது. அதைப் பார்க்க இரண்டு கண்கள் தேவைப்பட்டன.

கண்கள், என் மனைவியுடையவை. முகம், பேக்கிங் பிரிவில் இருந்த ஒருவனுடையது. ரொம்பக் கறுப்பும் இல்லை, ரொம்பச் சிவப்பும் இல்லை; மரு, தழும்பு இல்லாமல் ஒரே சீராக இருக்கிறான் என்று பிடித்துப் போட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்கு மாதிரி என்றே பேர். 'மாதிரி சாப்பிட்டாச்சா?' 'மாதிரி இன்னிக்கு லீவா?' வெயிலில் நிற்கக் கூடாது என்று அவனுக்கு மட்டும் தனி உத்தரவு. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார ஒருத்தன். அவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க என் பெண்டாட்டி.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போது வந்த கண்ணாடிகளில் அவன் மஞ்சள் புகைக்குள் உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரிவான். பிறகு கம்பிகளை மெலிதாக்கினார்கள். புள்ளிகளுக்கு நடுவே இடம் விட்டார்கள். மேல் பூச்சைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து மஞ்சளை அடக்கினார்கள். ஒவ்வொரு லோடு கண்ணாடிக்கும் அவன் தெளிந்துகொண்டே வந்தான். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கழுவும் தொட்டியில் என்னோடு நிற்பவனை ரேடியோ என்று கூப்பிடுவோம். வாயை மூடவே மாட்டான்.

"நல்லாத் தேய்ங்கண்ணே. அண்ணிக்கு ஆளு பளிச்சுனு தெரியணும்ல."

"உன் வாயில சோப்ப ஊத்திருவேன்."

"என் வாய எதுக்குண்ணே கழுவுறீங்க? அங்க தெரியப்போறது என் மூஞ்சியா?"

வீட்டுக்கு வந்தால் அவள் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறதாம். அவனைப் பார்த்தது போக மிச்சம் என்று எதுவும் வீடு வந்து சேரவில்லை. ஒருநாள் துணிக்கு அடியிலிருந்து சொன்னாள்:

"மாதிரி நேத்து சரியாத் தூங்கல போலங்க. கண்ணுக்குக் கீழ கறுத்துக் கெடந்துச்சு."

"அப்பறம் கண்ணாடிய எப்படிப் பாத்த?"

"அதக் கழிச்சிட்டுத்தான் பாத்தேன்."

கழிச்சிட்டு. அவன் முகத்தில் எது எப்போதும் இருப்பது, எது இன்றைக்கு வந்தது என்று பிரிக்கத் தெரிந்திருக்கிறது.

வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்த நாளில் மாதிரிக்குக் காய்ச்சல். அவர்கள் வருவதற்குள் லோடு தேறியாக வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் கைவிட்டுப் போகும். மேடம் சுற்றிலும் பார்த்தார். வாசலில் வண்டியோடு நான்.

"நீங்க உக்காருங்க. இவங்க வீட்டுக்காரர்தானே? இன்னும் நல்லதாப் போச்சு. பழகின மூஞ்சி."

கழுவும் பிரிவில் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். தொப்பியையும் முகமூடியையும் கழற்றினேன். ஓடிப்போய் முகம் கழுவினேன். விரலாலேயே தலை வாரினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, மாதிரிக்கு இன்னும் ஒரு வாரம் காய்ச்சல் விடக் கூடாது என்று மனதார நினைத்தேன். எதிரில் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்காக.

பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.

"சாம்பல் அடிக்குது மேடம்," என்றாள்.

மேடம் மிஷினைப் பார்த்தார். "எந்த நிறமும் கூடுதலா இல்லையேம்மா. வெளிச்சம்கூட முன்னவிட நல்லா வருது."

வேறு கண்ணாடி மாற்றினார்கள். "இதுவும் அப்படித்தான்." இன்னொன்று. "இதுவும். மொத்த லோடும் போச்சு மேடம்."

"எங்க அடிக்குது?"

"கன்னத்துல. உதட்டுல. மாதிரி இருந்தா இப்படித் தெரியாது."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கமாக வந்து, கண்ணாடி வழியாக இல்லாமல், நேராக என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "கண்ணாடிய எடுத்துட்டுப் பாருங்கம்மா."

கண்ணாடி நின்ற ஸ்டாண்டை நானே ஓரமாகத் தள்ளினேன். எங்களுக்கு நடுவே எதுவும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப?" என்று மேடம் கேட்டார். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தாள். மேடம் லோடு தேறியதாக எழுதிவிட்டு வெளியே போனார்.

"எப்பலேருந்துங்க?" என்றாள்.

"எது?"

"மூஞ்சி இப்படி."

'நீ அவனைப் பாத்துக்கிட்டிருந்தப்ப' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் கண்ணுக்குக் கீழே ஒரு ராத்திரி தூங்காததைக் கழித்துப் பார்க்கத் தெரிந்தவள். என் முகத்தில் எதைக் கழிப்பது என்று தெரியாமல் மொத்தத்தையும் கண்ணாடியின் கணக்கில் எழுதிவிட்டாள்.

"தெரியல," என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். ஈரத்துணி போட்டுப் போட்டுச் சிவந்திருந்த அந்தக் கண்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து வெகுநாளாயிற்று. கண்மணியில் மேலே எரியும் குழல்விளக்குகள் இரண்டு கோடுகளாக மின்னின. அவற்றுக்கு நடுவே சின்னதாக என் தலை. அவ்வளவு சின்னதில் நிறம் எதுவும் தெரியவில்லை. அவள் இமைக்கிறபோதெல்லாம் அது காணாமல் போய், திரும்ப வந்தது.